ருமேனியாவிலிருந்து வந்த சீர்

அந்த ஆவணி பிறந்ததிலிருந்து பொன்னியைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரே ஒரு கவலைதான். கிரகப்பிரவேசத்துக்குத் தம்பி வெறுங்கையோடு வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது?

வீடு அவள் கட்டியது. புருஷன் எழிலனும் சேர்ந்துதான் கட்டினான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கடன் அவள் பெயரில் இருந்தது. கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். சிமெண்ட் மூட்டை நனைகிறதென்று கொட்டும் மழையில் தார்ப்பாயை இழுத்துப் போட்டவளும் அவள்தான். பிச்சாவரம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் கூட்ட பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பி, நேராக மனைக்கு வந்து சுவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் உலை வைப்பாள். சிதம்பரம் புறவழிச் சாலையை ஒட்டிய அந்தப் புது நகரில் அவள் வீட்டுச் சுவர்தான் நேராக நிற்கிறது என்று மேஸ்திரியே ஒப்புக்கொண்டிருந்தார்.

இவ்வளவு செய்தவளுக்குச் சீர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கேட்பவர்கள் அவள் மாமனார் வீட்டில் ஆறு வருஷம் இருந்து பார்க்க வேண்டும்.

மாமனார் கோவிந்தசாமி தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகச் சிதம்பரம் டவுன்வாசி என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்வார். அவர் மூத்த மகள், அதாவது எழிலனின் அக்கா, தங்கம்மாள். இரண்டு தெரு தள்ளித்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள் என்றாலும் பாதி நாள் அப்பா வீட்டில்தான் இருப்பாள். 2004-இல் பெண் பார்க்க இவர்கள் கடலூருக்குப் போனபோது, சிப்காட்டைத் தாண்டி, உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்த மணல் ஊரில் வேன் சக்கரம் புதைந்துவிட்டது. இறங்கி நடந்தார்கள். வழியெல்லாம் எருக்கஞ்செடி. தங்கம்மாளின் புதுப் பட்டுப்புடவையில் எருக்கம்பால் பட்டுக் கறை விழுந்தது. அந்தக் கறை வெளுக்கவில்லையாம். அதற்குப் பழி தீர்ப்பதுபோல் அன்றிலிருந்து பொன்னிக்குப் பெயர் எருக்கங்காட்டுக்காரி.

குழம்பில் உப்பு கூடினால், "எருக்கங்காட்டுல ஜாஸ்தியாத்தான் போடுவாங்களா?" தொட்டியில் வைத்த ரோஜா பட்டுப்போனால், "அவ கை பட்டா எருக்குதான் வரும்." எல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வதற்குத் திருப்பிச் சொல்ல முடியாது, அதுதான் அதில் உள்ள விஷமம். முதல் வருஷம் பொன்னியும் கூடச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அதற்கு, "கோவம் வேற வருது பாரு" என்று புதிதாக ஒன்று சேர்ந்தது.

அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய் வீடு என்று பொன்னிக்கு மிச்சம் இருந்தது தம்பி ஆண்டி ஒருவன்தான். ஐ.டி.ஐ. படித்த வெல்டர். கப்பலில் வேலை கிடைத்துப் போனான். தம்பி ஃபாரினில் இருக்கிறான் என்று பொன்னி மாமனார் வீட்டில் வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கப்பலை அதன் முதலாளி ருமேனியாவில் கான்ஸ்டன்சா என்ற துறைமுகத்தில் அப்படியே கைவிட்டு ஓடிப்போனதையும், பனிக்காலம் பூராவும் ஆண்டி இரும்புக்கூட்டுக்குள் நடுங்கிக் கிடந்துவிட்டு, யாரோ புண்ணியவான்கள் டிக்கெட் எடுத்துக் கொடுக்க, கையில் காலணா இல்லாமல் ஊர் திரும்பியதையும் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? "ஃபாரின் தம்பி என்ன சீர் செய்யப் போறான்? வாஷிங் மெஷினா, ஃபிரிட்ஜா?" என்று தங்கம்மாள் ஆடி மாதத்திலேயே கேட்க ஆரம்பித்திருந்தாள்.

ஆகவே பொன்னி ஒரு காரியம் செய்தாள். இந்தக் காரியத்தைச் செய்யாத அக்காள்கள் நம் பக்கத்தில் குறைவு. மேல வீதிப் பாத்திரக் கடையில் ஒரு ஜோடி குத்துவிளக்கு, ஒரு பித்தளை அண்டா, இரண்டு தாம்பாளம், பட்டுப் புடவை, வேட்டி எல்லாம் தானே வாங்கி, புது வீட்டுத் தெருவிலேயே குடியிருந்த பிரிசில்லா டீச்சர் வீட்டில் ஒளித்து வைத்தாள். பிரிசில்லா அவள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, வாய் திறக்க மாட்டாள். அன்று காலை ஆண்டி கடலூரிலிருந்து வந்து அங்கே இறங்க வேண்டும். முக்குப் பிள்ளையார் கோவிலிலிருந்து மேளத்தோடு எல்லாவற்றையும் தூக்கி வர வேண்டும். தாய் வீட்டுச் சீர் என்று மைக்கில் சொல்வார்கள். அத்தோடு ஆறு வருஷத்து வாய் அடைபடும்.

கிரகப்பிரவேசத்தன்று விடியலில் ஹோமம் முடிந்து பால் காய்ச்சியாயிற்று. தங்கம்மாள் பந்திக்கு வாழைக்காய் போதுமா என்று சமையல்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பொன்னி நழுவிப் பிரிசில்லா வீட்டுக்கு ஓடினாள்.

ஆண்டி வந்திருந்தான். குத்துவிளக்குகளுக்கு நடுவே, ஏதோ போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்த ஆள்போல, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கையில் கம்பளியில் சுற்றிய தட்டையான பெரிய பொருள் ஒன்று.

"இதெல்லாம் யாருதுக்கா?" என்றான், விளக்கைக் காட்டி.

"ஒன்னுதுதான். வாய மூடிகிட்டுத் தூக்கிட்டு வா."

"நான் வாங்கலியே."

"நீ வாங்குனதுன்னு நான் சொன்னா அது நீ வாங்குனதுதான்."

"நீ வாங்குன குத்துவெளக்க நான் தூக்கிட்டு வந்து ஒனக்கே குடுக்கணும். அத மைக்குல வேற சொல்லணும். ஏன்க்கா, ஒனக்கே சிரிப்பு வரலியா?"

பிரிசில்லா பட்டென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நான் சீர் கொண்டாந்திருக்கேன்" என்று ஆண்டி கம்பளியைப் பிரித்தான். "சின்னதுதான். ஆனா என்னுது."

ஓவியம். தடித்த மரச் சட்டத்துக்குள் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய பூ ஓவியம். நீல மண் ஜாடி ஒன்று ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. ஜாடி நிறைய, கைக்கு அடங்காத பூங்கொத்து. வெளிர் ஊதாவில் ஐந்து இதழ், ஒவ்வொன்றும் தாமரை இதழ் அளவுக்குத் தடிமனாக விரிந்து, நடுவில் கிரீடம் வைத்தாற்போல் ஒரு குமிழ். சாம்பல் பூத்த பட்டையான இலைகள். மூலையில் சிவப்பில் ஒரு கையெழுத்து.

அவ்வளவு பெரிய பூவைப் பொன்னி எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கிரீடத்தைப் பார்த்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில் மொட்டை நசுக்கிப் பட்டென்று வெடிக்க வைத்து, உள்ளேயிருக்கும் கிரீடத்தை எடுத்து விரல் நுனியில் ராணிமாதிரி சூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"எருக்கு" என்றாள்.

"ம். கண்டுபிடிச்சிட்ட பாரு!" ஆண்டிக்கு முகமெல்லாம் பல். "ரோடிக்கான்னு ஒரு அம்மா. துறைமுகத்துக்குப் பக்கத்துலதான் வூடு. டிராயிங் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க அத்தன பேருக்கும் பெரிய குண்டான்ல சூப்பு கொண்டாருவாங்க. நான் அவுங்க வூட்டுக் கணப்பு அடுப்புக் கொழாய்க்கு வெல்டிங் வச்சிக் குடுத்தேன். அதுக்கு ஒரு படம் போட்டுத் தரேன்னாங்க. ஒங்க வூட்டு வாசல்ல என்ன பூ பூக்கும்னு கேட்டாங்க. நான் என்னாக்கா சொல்றது? மல்லின்னு சொல்லிருக்கலாம். நம்ம மண்ணுல மல்லி ஒரு வாரம் நின்னிச்சா? அந்த அம்மா அவ்ளோ தூரம் பனியில நடந்து வந்து சோறு போட்டவுங்க. அவுங்ககிட்ட பொய் சொல்ல வரல. கப்பல்ல கெடந்த டால்டா டின்ன வெட்டி எருக்கம்பூ மாதிரியே ஒண்ணு செஞ்சி காட்டுனேன். அதப் பாத்துதான் போட்டாங்க."

அதனால்தான் இதழ்கள் அப்படித் தகரம்போல விறைத்து நிற்கின்றன என்று பொன்னிக்குப் புரிந்தது. கையால் தொடப் போனாள். தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

எருக்கு முளைத்த வீடு என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம்? குடி கெட்டு, ஆள் அற்று, பாழாய்ப் போன வீடு. சண்டையில் உச்சக்கட்டத்தில் விடுகிற சாபம் அது, உன் வீட்டில் எருக்கு முளைக்க என்று. அந்த எருக்கைச் சட்டம் போட்டு, மேளம் கொட்டி, முதல் நாளே புது வீட்டுக்குள் கொண்டு வருவதற்கு இந்த மடையன் ஒருவனால்தான் முடியும். அதுவும் தங்கம்மாள் வீற்றிருக்கும் வீட்டுக்கு.

"டேய், இன்னிக்கி இத..."

தெருவில் மேளம் கேட்டது. சீர் எடுக்க ஆட்கள் முக்குக்கு வந்துவிட்டார்கள். பொன்னி குத்துவிளக்கைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவன் விளக்கைத் தூக்கமாட்டான். அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அது அவள் பிடிவாதம்தான்.

"சரி, இதையே கொண்டா. ஆனா யாரு கேட்டாலும் அந்த ஊர்ப் பூன்னு சொல்லு. எருக்குன்னு ஒன் வாயில வரக் கூடாது. என்மேல சத்தியம்."

ஆண்டியின் சிரிப்பு மெல்ல அவிந்தது. "பேரு கேட்டா?"

"பேரு தெரியாதுன்னு சொல்லு."

"சரிக்கா" என்றான்.

நாதஸ்வரக்காரர் முன்னே போக, மறுபடி கம்பளியில் சுற்றிய சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆண்டி தெருவில் நடந்து வந்தான். வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த ஒரே ஒரு தாம்பாளத்தைப் பிரிசில்லா தன் பங்குக்குத் தூக்கி வந்தாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற தங்கம்மாள், வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. வாஷிங் மெஷினும் இல்லை.

"இவ்ளோதானா?" என்றாள், ஆரத்தி சுற்றிக்கொண்டே.

கூடத்தில் கம்பளியைப் பிரித்தார்கள். கூடியிருந்த அறுபது எழுபது பேரும் கழுத்தை நீட்டினார்கள். ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "யாரு படம் இது? பூ மட்டும் இருக்கு, ஆளக் காணுமே?" என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டினால் உள்ளே சாமி இருக்கும், இல்லையென்றால் செத்தவர் இருப்பார். பூவை வெளியேதான் சார்த்துவோம். பூவையே உள்ளே வைத்துச் சட்டம் போட்டால் யாரைக் கும்பிடுவது?

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பொன்னிக்குக் காது சுட்டது. மைக் பிடித்திருந்த கோவிந்தசாமி, என்னவென்று அறிவிப்பது எனத் தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

காப்பாற்றியது தில்லைநாதன். மின்வாரியத்தில் எழிலனுக்கு மேலதிகாரி, ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷர். முன்னால் வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அட, ஆயில் பெயிண்டிங்! கையால போட்டது. பிரிண்ட் கிடையாது. ஐரோப்பாவுல இத ஸ்டில் லைஃப்ன்னு சொல்லுவாங்க. பெரிய பெரிய பங்களால எல்லாம் கூடத்துல இதத்தான் மாட்டி வச்சிருப்பாங்க. எழிலா, ஒம் மச்சான் ரசனைக்காரன்யா!" என்றார்.

அவ்வளவுதான், காற்று அப்படியே திரும்பிவிட்டது. சிரித்தவர்களே செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். எழிலனுக்குத் தலைகால் புரியவில்லை. எலெக்ட்ரீஷியன் அங்கேயே இருந்ததால் வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் டிரில்லரை வைத்துத் துளை போட்டு, நிமிஷத்தில் மாட்டியும் ஆயிற்று. தங்கம்மாள் பூஜை அறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். சட்டத்தின் நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொன்னிக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக மாமனார் அவளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். அது நன்றாகத்தான் இருந்தது, பொய் எதற்கு?

கோவிந்தசாமிக்கு இப்போது மைக்கில் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "நம்ம மருமகளோட தாய் வீட்டுச் சீரு, ஐரோப்பா கண்டத்துலேருந்து கப்பல்ல வந்த சீரு" என்று ஆரம்பித்துவிட்டார். அத்தோடு விடவில்லை. ஆண்டியைத் தோளில் தட்டி முன்னால் இழுத்து மைக்கை நீட்டினார். "தம்பி, நீங்களே சொல்லுங்க. இது என்ன பூ? எந்த ஊருப் பூ?"

ஆண்டி அக்காளைப் பார்த்தான். பிறகு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"அந்த ஊருப் பூதாங்க. ருமேனியாவுல பூக்கும். பேரு தெரியல."

புது வீட்டின் சுவரெல்லாம் அந்தப் பொய் எதிரொலித்தது. இரண்டு பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

தங்கம்மாளுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "பாத்தியா பொன்னி! எருக்கங்காட்டுல பொறந்தவனுக்கே, வெளிநாடு போனதும் எது பூவு எது களைன்னு கண்ணு தெறந்திருக்கு! இனிமே ஒன்ன எருக்கங்காட்டுக்காரின்னு சொல்ல மாட்டேன், போ!"

எல்லாரும் சிரித்தார்கள். சந்தோஷமான சிரிப்புதான், அதில் குத்தல்கூட அவ்வளவு இல்லை. ஆண்டியும் சிரித்தான். அக்கா வீட்டில் அக்காவுக்காகச் சிரித்தான். யாரோ பனியில் நடந்து வந்து சோறு போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் பொய் சொல்ல வராதவன், அக்கா பேச்சைக் கேட்டு அறுபது பேர் முன்னால் பொய் சொல்லிவிட்டு, அதற்குப் பரிசாகத் தன் ஊரைக் களை என்று சொன்னதற்கும் பல்லைக் காட்டி நின்றான். அதைத்தான் பொன்னியால் தாங்க முடியவில்லை. ஆத்திரம் ஏறியது. தங்கம்மாள்மேல் பாதி, தன்மேல் பாதி.

அவள் போய் மாமனார் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டாள்.

"அது ருமேனியாப் பூ இல்ல" என்றாள். "எருக்கம்பூ."

ஸ்பீக்கர் கீச்சிட்டது. அவள் காத்திருந்து, மறுபடி பேசினாள்.

"எங்க வூட்டு வாசல்ல பூத்த எருக்கம்பூ. என் தம்பி பொய் சொல்லல, நான்தான் அவன அப்படிச் சொல்லச் சொன்னேன். இன்னொண்ணு. அவன் ஃபாரின்ல சம்பாரிச்சி வரல. கப்பல் மொதலாளி விட்டுட்டு ஓடிட்டான். பனியில பசியோட கெடந்துதான் வந்தான். அப்பவும் ஒன் வூட்டுப் பூ எதுன்னு கேட்டதுக்கு உள்ளதச் சொல்லிருக்கான். நான் டீச்சர். எனக்கு அந்த தைரியம் இத்தன வருஷமா இல்ல. இப்பதான் வந்துது."

மைக்கை மேஜைமேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்து டமாரென்றது.

அடுத்த சத்தம் தங்கம்மாளுடையது. "அய்யய்யோ! குடி வர்ற வூட்ல எருக்கா! பாவி, பால் காய்ச்சுன கையோட எருக்கையா வூட்டுக்குள்ள கொண்டாந்த? கழட்டு! மொதல்ல கழட்டு அத!"

"நாலு மூலைக்கும் பொட்டு வச்சதே நீங்கதான் அண்ணி" என்றாள் பொன்னி.

தங்கம்மாள் தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்து, நெருப்பைத் தொட்டவள்போல் உதறினாள். பிள்ளையாருக்கு எருக்கம் மாலைதானே போடுகிறோம், அடுத்த வாரம் சதுர்த்திக்குக்கூட மேல வீதியில் விற்குமே என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். "அது கோயில்ல! கோயிலும் குடித்தனக்காரன் வூடும் ஒண்ணா?" என்று கோவிந்தசாமி சீறியதில் அந்த அம்மாள் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டாள்.

"இந்தாப்பா, அத எறக்கு" என்றார் எலெக்ட்ரீஷியனைப் பார்த்து.

"எறக்காதீங்கண்ணே" என்றாள் பொன்னி. எலெக்ட்ரீஷியன் டிரில்லரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் பக்கமாகப் போய்விட்டார். புத்திசாலி.

எழிலன் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். கெட்டவன் இல்லை அவன். ஆனால் எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறவன், அந்த ஜாதியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. "பொன்னி, நான் சொல்றதக் கேளு. இன்னிக்கி ஒரு நாளு கழட்டி வச்சிடுவம். எல்லாரும் சாப்ட்டுட்டுப் போவட்டும். நாளைக்கி நாமளே மாட்டிக்கலாம், யாரு கேக்கப் போறாங்க?"

"இன்னிக்கிக் கழட்டுனா நாளைக்கி மாட்ட மாட்டீங்க. எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்."

"அக்காவும் அப்பாவும் கோவிச்சிகிட்டுப் போயிடுவாங்கடி."

"போறவங்களப் போவச் சொல்லலியே நான். எம் பூவத்தானே போவச் சொல்றாங்க?"

"அக்கா" என்று ஆண்டி வந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "வுடுக்கா. நான் எடுத்துட்டுப் போயிடறேன். ஒன் வூட்டுல பிரச்சன வேணாம். பிரிசில்லா டீச்சர் வூட்டுல இருக்கற அந்தக் குத்துவெளக்க நானே போயி..."

"அந்தப் படத்துமேல கை வச்ச, ஒன் கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் பொன்னி. "சீர் குடுத்தியில்ல? குடுத்தாச்சில்ல? இப்ப அது என்னுது. எங்க மாட்டணும்னு நான்தான் சொல்லணும்."

கோவிந்தசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "எருக்கு இருக்கற வூட்ல நாங்க கை நனைக்க மாட்டோம். கெளம்பு தங்கம்."

இதைவிடப் பெரிய ஆயுதம் அவரிடம் இல்லை. கை நனைக்காமல் போவதென்றால் சும்மா சாப்பிடாமல் போவதல்ல. உறவு அறுந்தது என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போவது. சமைத்த அண்டாவெல்லாம் அப்படியே நிற்க, பங்காளிகள் இலையில் உட்காராமல் எழுந்து போன வீட்டைப் பற்றித் தலைமுறைக்கும் பேசுவார்கள். அந்தக் கிழவருக்கு அது தெரியும். பொன்னி ஓடிவந்து காலைப் பிடிப்பாள் என்று ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்று, செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

இத்தனை வருஷம் பொன்னி எதற்குப் பயந்தாளோ அது இதோ நடந்துகொண்டிருக்கிறது. நடக்க நடக்க, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றும் இருந்தது. காலில் விழவேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. நிமிர்ந்து அந்தச் சுவரைப் பார்த்தாள். அந்த ஓவியத்தில் பூக்கள் பனியைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றன. அவற்றுக்கு யார் காலிலும் விழுகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

பந்தி போட்டிருந்த பந்தலுக்கு நேராகப் போனாள். இலைகள் விரித்திருந்தன. தில்லைநாதன் மட்டும் ஏற்கெனவே உட்கார்ந்து பாயசத்தில் பாதி தாண்டியிருந்தார். எழுந்திருப்பதா வேண்டாமா என்று அவருக்கு ஒரே சங்கடம். "சாப்புடுங்க சார்" என்றாள் பொன்னி. அவர் மறுபேச்சில்லாமல் குனிந்து சாப்பிட்டார்.

வீட்டுக்காரி முதல் பந்தியில் உட்கார்வது நம் வழக்கத்தில் இல்லை. மாமனார், நாத்தனார், சம்பந்திகள், வந்தவர்கள், பரிமாறினவர்கள் எல்லாரும் சாப்பிட்டு, மிச்சம் மீதியை அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வதுதான் அவள் பங்கு. பொன்னி பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் வரிசையில், முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"ஆண்டி, இங்க வந்து உக்காரு."

அவன் தயங்கினான்.

"உக்காருடா. சீர் கொண்டாந்தவன் நீதான். ஒனக்கு அப்பறந்தான் எல்லாருக்கும்."

ஆண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிரிசில்லா யாரும் கூப்பிடாமலே வந்து அவனுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து, "எனக்கு அப்பளம் ரெண்டு" என்றாள். பரிமாறுகிறவர் வாளியைப் பிடித்துக்கொண்டு, போடுவதா நிறுத்துவதா என்று வாசலையும் பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னி இலையைத் தட்டிக் காட்டினாள். சோறு விழுந்தது. அவள் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள்.

தெருவில் வேன் ஸ்டார்ட் ஆனது. உறவுக்காரர்களில் பாதிப்பேர் அதில் ஏறியாயிற்று. மிச்சப்பேர் பசியோடு யோசித்துக்கொண்டிருந்தார்கள். எழிலன் கேட்டுக்கு வெளியே, அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கையைக் கையைப் பிசைந்தான். "ஏறுடா!" என்றாள் தங்கம்மாள். அவன் திரும்பி, வாசலுக்கு நேரே தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்தான். அப்புறம் பந்தலைப் பார்த்தான். கேட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, பரிமாறுகிறவர் கையிலிருந்த சாம்பார் வாளியை வாங்கி, ஆண்டியின் இலைக்கு முன்னால் குனிந்தான். "மச்சான், ஊத்தவா?" என்றான்.

அதைப் பார்த்ததும் தங்கம்மாளுக்கு எல்லாக் கட்டும் அறுந்துவிட்டது. வேன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"எருக்கு முளைக்கப் போவுதுடி இந்த வூட்டுல! பாத்துகிட்டே இரு, எருக்குதான் முளைக்கும்!"

பொன்னி வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"முளைக்கட்டும் அண்ணி" என்றாள். "தண்ணிகூட ஊத்த வேணாம். எங்க ஊர்ல அது தானா நிக்கும்."

பிறகு எச்சில் கையை இலைமேல் வைத்துக்கொண்டு, புருஷனிடம் சாம்பார் கேட்டாள்.